கடல்வழி அடைபட்ட காலங்கள்: டேனியத் திருப்பணியில் தாய்நாட்டு ஊழியம்

அயல்நாட்டில் ஊழியம் செய்யும் மிஷனெரிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தாய்நாடு திரும்பித் தங்கும் காலத்தைத் தமிழகத் திருச்சபை வழக்கில் ‘ஃபர்லோ’ என்பர். உடல்நலம் தேறுவது, உற்றாரைக் காண்பது, சபை சபையாகச் சென்று பணிநிலவரம் சொல்லிக் காணிக்கை திரட்டுவது ஆகியவை அக்காலத்துக்குரிய கடமைகளாகக் கருதப்பட்டன. மிஷன் வரலாற்று நூல்களோ பெரும்பாலும் அதை ஒற்றை வரியில் கடந்து, மீண்டும் கப்பலேறிய நாளிலிருந்து கதையைத் தொடர்கின்றன. போர், கொள்ளைநோய், அரசாணை, கப்பலின்மை என ஏதோ ஒரு காரணத்தால் அந்தத் தங்கல் நீண்டுவிடும்போது, அல்லது புறப்படவே இயலாமல் போகும்போது, ஊழியம் நின்றுபோகிறதா, வேறு வடிவம் கொள்கிறதா என்ற கேள்வி எழுகிறது. 2020 மார்ச்சில் டென்மார்க் தன் எல்லைகளை மூடி, அயல்நாடுகளில் பயணத்திலிருந்த தன் குடிமக்களை நாடு திரும்பச் சொல்லி, தேவாலயங்களையும் அடைத்தபோது இக்கேள்வி புதிதுபோல் தோன்றியது. உண்மையில் டென்மார்க்குக்கும் தமிழ் மண்ணுக்கும் இடையிலான முந்நூறாண்டுத் திருப்பணித் தொடர்பில் அது திரும்பத் திரும்ப எழுந்த கேள்வியாகும்.

அத்தொடர்பை ஆராய்வோர் பெரும்பாலும் கோபன்ஹேகனையும் தரங்கம்பாடியையும் மட்டுமே நோக்குகின்றனர். ஃபியூன் தீவின் தலைமை நகரும், ஆயர் ஒருவரின் இருக்கையும், கோபன்ஹேகனிலிருந்து ஹாம்பர்க் சென்ற பழைய அஞ்சல் சாலையின் முக்கியத் தங்கலுமான ஒடென்சே அந்த நோக்கில் விடுபட்டுவிடுகிறது. துறைமுகத் தலைநகரிலிருந்து மிஷனெரிகள் அனுப்பப்பட்டனர் என்பது உண்மைதான். ஆனால் அனுப்பும் மனமும் தாங்கும் மனமும் உருவான இடங்கள் ஒடென்சேயைச் சுற்றியிருந்த கிராமங்களைப் போன்றவை. கடல் மூடிய காலங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் ஒரு முடிவு தெளிவாகிறது: பயணம் நின்றதால் எந்தத் திருப்பணியும் அழியவில்லை, தாய்நாட்டில் பணி நின்றதால் அழிந்தவை உண்டு. அந்தத் தாய்நாட்டுப் பணியைச் சுமந்தவர்களில் மனைவியர், தமிழ்த் துணைவர்கள் பலர் பெயரளவில்கூடப் பதிவாகவில்லை என்பது இவ்வரலாற்றின் பெரிய குறை.

முதல் எடுத்துக்காட்டு தரங்கம்பாடியிலிருந்தே தொடங்குகிறது. டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக்கின் ஆதரவில், பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹைன்ரிக் புளூட்சோவும் 1705 நவம்பரில் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்டு 1706 ஜூலையில் தரங்கம்பாடி சேர்ந்தனர். அடுத்த எட்டு ஆண்டுகளில் சீகன்பால்க் தமிழ் கற்று, நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி அவற்றுக்கு 1708இல் விளக்கப் பட்டியல் எழுதி, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி முடித்திருந்தார். அதே காலத்தில் டேனியக் கம்பெனியின் கோட்டைத் தலைவர் ஹாசியஸ் அவரை நான்கு மாதங்கள் சிறையிலும் வைத்திருந்தார். கோட்டைக்கும் திருப்பணிக்கும் இடையே வளர்ந்த பூசலை அரசரிடம் நேரில் எடுத்துரைக்காமல் தீர்க்க இயலாது என்ற நிலையில், அவர் 1714 அக்டோபரில் மலையப்பன் என்ற தமிழ் இளைஞருடன் கப்பலேறினார். அவர் கடலில் இருந்த அந்த டிசம்பரில், கோபன்ஹேகனில் அரசர் ஆணையால் மிஷன் கல்லூரி நிறுவப்பட்டது. கல்லூரி என்று பெயர் இருந்தாலும் அது கற்பிக்கும் இடமன்று. அயல்நாட்டுத் திருப்பணியின் பணத்தையும் ஆட்களையும் கடிதங்களையும் நிர்வகிக்க அமைந்த அரசுக் குழு. தரங்கம்பாடியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப்போகும் அமைப்பு உருவான செய்தியே நடுக்கடலில் இருந்தவருக்குத் தெரிய வழியில்லை. தகவல்கள் கப்பலின் வேகத்தில் நகர்ந்த காலத்தில் தாய்நாட்டுக்கும் பணிக்களத்துக்கும் இடையே இருந்த தூரம் எத்தகையது என்பதை இது காட்டுகிறது.

1715 ஜூனில் நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் இறங்கிய சீகன்பால்க், மறு ஆண்டு மார்ச்சில் இங்கிலாந்துக் கரையிலிருந்து மீண்டும் கப்பலேறும் வரை ஐரோப்பாவில் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் இருந்தார். அந்த ஐரோப்பா போர்க்களமாக இருந்தது. சுவீடனுக்கு எதிரான பெரும் வடபுலப் போரில் ஈடுபட்டிருந்த டேனிய அரசர் தலைநகரில் இல்லை. பால்டிக் கரையிலுள்ள ஸ்ட்ரால்சுண்ட் நகரை முற்றுகையிட்ட படையோடு பாசறையில் இருந்தார். ஆகவே தமிழகத்திலிருந்து சென்ற மிஷனெரி தம் அரசரை அரண்மனையில் அன்று, முற்றுகைப் பாசறையில் சந்திக்க நேர்ந்தது. அங்கிருந்து அவர் ஹாலே நகருக்குச் சென்றார். அகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே அங்கே நடத்திய அனாதை இல்லம், பள்ளி, அச்சகம், மருந்தகம் எல்லாம் சேர்ந்த பெரும் நிறுவனமே தரங்கம்பாடித் திருப்பணிக்கு ஆட்களை உருவாக்கியது. அவர்களின் கடிதங்களை 1710 முதல் அச்சிட்டு ஐரோப்பா முழுவதும் பரப்பியதும் அதுவே.

அந்த ஒன்பது மாதங்களின் நிலையான விளைவு, ஹாலேயில் 1716இல் அச்சான ‘கிராமாத்திகா தாமுலிகா’ என்னும் இலத்தீன் மொழித் தமிழ் இலக்கணம். போர்ச்சுகீசிய இயேசு சபையினர் பதினாறாம் நூற்றாண்டிலேயே தமிழ் இலக்கணம் எழுதியிருந்தாலும் அது கையெழுத்துப் படியாகவே நின்றது. ஐரோப்பிய மாணவர் ஒருவர் கையில் எடுத்துப் படிக்கத்தக்க முழுமையான அச்சிட்ட தமிழ் இலக்கணம் இதுவே முதல். கப்பலில் எழுதத் தொடங்கி, ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகளைக் கொண்டு அச்சிடப்பட்ட அந்நூல், பயணத்தின் காத்திருப்பிலும் கரையின் காத்திருப்பிலும் உருவானது என்றே சொல்லவேண்டும். களத்தில் இருந்திருந்தால் பள்ளி, சபை, வழக்கு, வரவு செலவு என்று நாள் முழுவதும் கரைந்துபோயிருக்கும் மனிதருக்கு, இலக்கணம் எழுதும் அமைதியைத் தந்தது பணியிலிருந்து விலகி நின்ற காலமே. தரங்கம்பாடியிலோ அவருடைய உடன்பணியாளர் குருண்ட்லர், புதிய ஏற்பாட்டின் எஞ்சிய பகுதியை 1715இல் அச்சிட்டு முடித்தார். ஒருவர் இல்லாததால் மற்றவர் பணி நிற்கவில்லை என்பதும் கருதத்தக்கது.

இலக்கண நூலின் முகப்பில் ஒருவர் பெயரே இருக்கிறது. ஆனால் மொழியை ஏட்டிலிருந்து மட்டும் கற்பிக்க இயலாது. ழகரத்தையும் றகரத்தையும் ளகரத்தையும் இலத்தீன் எழுத்துகளால் விளக்க முயலும் எந்த நூலுக்கும், அவற்றை ஒலித்துக் காட்டும் ஒரு வாய் அருகில் வேண்டும். மலையப்பன் அந்த வாயாக இருந்தார். திருமுழுக்கில் பீட்டர் என்ற பெயர் பெற்றிருந்த அவர் கப்பலில் மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றார், ஹாலேயில் தமிழ் கற்க முன்வந்தோருக்கு உதவினார், சீகன்பால்குடனேயே நாடு திரும்பினார். ஜெர்மானியப் பனிக்காலத்தைக் கண்ட முதல் தமிழர்களுள் ஒருவரான அவரைப் பெரும்பாலான நூல்கள் ‘பணியாள்’ என்று குறித்து நகர்கின்றன. சீகன்பால்கின் விடுப்புக் காலத்தை ‘ஐரோப்பாவில் தமிழின் முதல் வகுப்பறை’ என்று கொண்டால், அதன் ஆசிரியர் இருவர் என்று எழுதுவதே நேர்மை.

இதே நிலைதான் மரியா டொரத்தேயா சால்ஸ்மனுக்கும். 1715இல் ஜெர்மனியில் சீகன்பால்கை மணந்த இவர், இந்தியாவுக்கு வந்த முதல் சீர்திருத்தத் திருச்சபை மிஷனெரி மனைவியாகக் கருதப்படுபவர். மணவாழ்வின் தொடக்க மாதங்கள் இவருக்கு இல்லற அமைதியில் கழியவில்லை. கணவர் இலக்கணத்தை அச்சேற்றவும் ஆதரவாளர்களைச் சந்திக்கவும் அலைந்துகொண்டிருந்தார். பின்னர் இருவரும் ஹாலந்து வழியாக இங்கிலாந்து சென்றனர். அங்கே, இந்தியப் பணிக்கு அச்சு இயந்திரமும் காகிதமும் அனுப்பி உதவிய கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அவர்களை வரவேற்றது. அரசர் முதலாம் ஜார்ஜும் சீகன்பால்கைச் சந்தித்தார். டேனிய அரசர் அனுப்பிய ஜெர்மானிய லூத்தரன் ஒருவருக்கு ஆங்கிலிக்கன் கழகம் துணைநின்றது என்பது, தாய்நாட்டு ஊழியம் ஒரே நாட்டுக்குள் அடங்கியதன்று என்பதைக் காட்டுகிறது. 1716 மார்ச்சில் கப்பலேறிய தம்பதியர் ஆகஸ்டில் சென்னை சேர்ந்தனர். 1719 பிப்ரவரியில், தம் 36ஆம் வயதில், சீகன்பால்க் தரங்கம்பாடியில் மறைந்தார். மரியா டொரத்தேயா கைம்பெண்ணாக ஐரோப்பா திரும்பினார். மூன்றாண்டுக்கும் சற்றுக் கூடுதலான அந்த மணவாழ்வின் கணிசமான பகுதி, பணிக்களத்தை அடைவதற்கான பயணத்திலும் காத்திருப்பிலுமே கழிந்தது.

அவர்கள் களத்தில் இருந்த அந்த ஆண்டுகளில் தாய்நாடு செய்த தீங்கையும் இங்கே குறிப்பிட வேண்டும். மிஷன் கல்லூரியின் செயலாளராக இருந்த கிறிஸ்தியான் வெண்ட், மிஷனெரிகள் அப்போஸ்தலரைப் போல வீடும் பள்ளியும் பணமும் இன்றி நடந்து திரிந்து போதிக்கவேண்டும் என்ற கொள்கையுடையவர். தரங்கம்பாடியில் கட்டடம் எழுப்பியதையும் செலவு செய்ததையும் கடுமையாகக் கண்டித்து எழுதினார். 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்த ஊரில், அந்தக் கண்டனக் கடிதங்கள் சீகன்பால்கின் இறுதி நாட்களைக் கசப்பாக்கின. ஒரே தாய்நாட்டிலிருந்து இலக்கணமும் வந்தது, இந்தக் கடிதங்களும் வந்தன. களத்தைக் கண்டவர் வீட்டிலிருந்து செய்யும் ஊழியத்துக்கும், களத்தைக் காணாதவர் வீட்டிலிருந்து செலுத்தும் அதிகாரத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

தரங்கம்பாடிக் கடிதங்கள் கடல் கடக்க வாய்ப்பே இல்லாத ஒருவரிடம் என்ன செய்தன என்பதும் இப்பொருளோடு ஒட்டியதே. லண்டனில் இருந்த ஜெர்மானியக் குருவான அன்டன் வில்ஹெல்ம் பேமே அக்கடிதங்களை 1709 முதல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் எப்வொர்த் என்னும் கிராமத்து குருமனையில் வாழ்ந்த சூசன்னா வெஸ்லியின் கையில் அந்நூல் கிடைத்தது. 1711–12 குளிர்காலத்தில் கணவர் சாமுவேல் திருச்சபைப் பேரவைக்காக லண்டனில் தங்கியிருக்க, வீட்டில் பிள்ளைகளோடு தனித்திருந்த சூசன்னா, தரங்கம்பாடி மிஷனெரிகளின் வரலாற்றால் உள்ளம் தூண்டப்பட்டு, ஆணாகவோ குருவாகவோ இல்லாத நிலையிலும் தன்னால் இயன்றதைச் செய்யத் துணிந்தார். ஒவ்வொரு பிள்ளையோடும் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதைத் தனியே செலவிட்டார்; வியாழக்கிழமை எட்டு வயது ஜானுக்குரியதாக இருந்தது. ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்கும் பணியாட்களுக்கும் அவர் நடத்திய வாசிப்புக்கு அண்டை வீட்டார் வரத் தொடங்கி, கூட்டம் ஏறத்தாழ இருநூறு பேர் வரை பெருகியது. துணைக்குரு அதை எதிர்த்துக் கணவருக்கு எழுதியபோது, சூசன்னா தன் செயலைத் தெளிவான காரணங்களோடு நிலைநாட்டிக் கடிதம் எழுதினார். அந்த எட்டு வயதுச் சிறுவன்தான் பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி. தரங்கம்பாடியில் எழுதப்பட்ட கடிதம் ஒன்று எப்வொர்த் வீட்டுக்குள் ஊழியமாக மாறியதைத் தமிழகத் திருச்சபை வரலாறுகள் இன்னும் விரிவாகச் சொல்லவேண்டும்.

தரங்கம்பாடியை ஆண்ட அதே டேனிய அரசின் மற்றொரு முனையில் கிரீன்லாந்து இருந்தது. ஹான்ஸ் எகெதெயும் அவர் மனைவி கெர்ட்ரூட் ராஸ்கும் 1721இல் அங்கே சென்றனர். 1730களில் பரவிய பெரியம்மையில் நோயுற்ற கிரீன்லாந்தியரைத் தம் வீட்டில் வைத்துப் பேணிய கெர்ட்ரூட் 1735இல் இறந்தார். மறு ஆண்டு கோபன்ஹேகன் திரும்பிய எகெதெ, கிரீன்லாந்துக்குச் செல்லவிருப்போருக்குக் கிரீன்லாந்திய மொழியைக் கற்பிக்கும் பயிற்சிப் பள்ளியை நடத்தினார். ஹாலேயில் தமிழுக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது: திரும்பி வந்தவரின் ஊழியம் மொழிப் பயிற்சியாக உருக்கொண்டது.

இவற்றோடு ஒப்பிட்டால், 1807க்குப் பின்வந்த ஆண்டுகளில் நேர்ந்த வீழ்ச்சி விளங்கும். நெப்போலியப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை கோபன்ஹேகனைக் குண்டுவீசித் தாக்கியது. 1808இல் தரங்கம்பாடி பிரிட்டிஷார் கைக்குப் போய் 1815 வரை அவர்களிடம் இருந்தது. கோபன்ஹேகனிலிருந்து பணமும் ஆளும் வருவது நின்றது. முதியவரான கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் தமிழ்ச் சிறாருக்கான பள்ளிகளை நடத்தியபடியே 1813இல் மறைந்தார். கடல் மூடியது இந்த வீழ்ச்சிக்கு ஒரு காரணம் மட்டுமே. நூறாண்டுகளுக்கு முன் போருக்கு நடுவிலும் இலக்கணம் அச்சிட்ட தாய்நாடு, இப்போது ஆர்வமற்றுக் கிடந்தது. அறிவொளிக் காலச் சிந்தனை ஆட்சிசெய்த பல்கலைக்கழகங்களிலும் குருமனைகளிலும் தரங்கம்பாடி ஒரு பழைய செலவினமாகவே பார்க்கப்பட்டது. கடல் மீண்டும் திறந்தபோது அனுப்புவதற்கு ஆள் அரிதாயிற்று. 1845இல் டென்மார்க் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றது.

அரசின் திருப்பணி தளர்ந்த அதே காலத்தில், ஒடென்சேயைச் சுற்றிய ஃபியூன் தீவின் பண்ணை வீடுகளில் வேறொன்று துளிர்த்தது. விவசாயிகளும் கைவினைஞர்களும் குரு இல்லாமலே வீடுகளில் கூடி வேதம் வாசித்துப் பாடி ஜெபித்தனர். குருவின் மேற்பார்வையின்றி இவ்வாறு கூடுவதை 1741ஆம் ஆண்டின் அரசாணை தடைசெய்திருந்ததால், பொதுநிலைப் போதகர்கள் அபராதத்துக்கும் சிறைக்கும் ஆளாயினர். 1849இன் அரசமைப்புச் சட்டம் சமய உரிமை வழங்கும் வரை இந்நிலை நீடித்தது. 1821இல் லூங்பி ஊர்க் குரு போன் ஃபால்க் ரென்னே நிறுவிய டேனிய மிஷன் சங்கம், அரசரின் கருவூலத்தை நம்பாமல் இத்தகைய மக்களின் சிறு காணிக்கைகளை நம்பி வளர்ந்தது. பெண்கள் கூடித் தைத்தும் பின்னியும், அவ்வாறு செய்த பொருட்களை ஏலம்விட்டுச் சேர்த்த பணமும் அதில் அடங்கும். தையல் வட்டம் என்று எளிமையாக அழைக்கப்பட்ட இக்கூட்டங்களில் மிஷனெரியின் கடிதம் உரக்க வாசிக்கப்படும். கைகள் தைத்துக்கொண்டே இருக்கும். இந்தியாவைப் பற்றி டேனியக் கிராமத்துப் பெண்கள் அறிந்ததில் பெரும்பகுதி இவ்வாறு செவிவழி வந்ததே. சாதி குறித்த கருத்து வேறுபாட்டால் ஜெர்மானிய லைப்சிக் மிஷனிலிருந்து விலகி மேல்பட்டாம்பாக்கத்தில் பணியாற்றிய கார்ல் ஓக்ஸை 1860களில் அச்சங்கம் ஏற்றுக்கொண்டதிலிருந்து, தென்னார்க்காட்டில் டேனியப் பணி மீண்டும் வேர்கொண்டது. இன்றைய ஆற்காடு லூத்தரன் திருச்சபை அதன் வழிவந்தது.

ஒடென்சேக்கே உரிய மனிதர் என்று சொல்லத்தக்கவர் கிறிஸ்தென் கோல்ட். 1816இல் ஒரு செருப்புத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, ஆசிரியப் பயிற்சி பெற்று, ஃபியூனைச் சேர்ந்த பொதுநிலைப் போதகர் பெதர் லார்சன் ஸ்க்ரெப்பன்போரின் சொற்பொழிவால் மனம் மாறியவர். வினாவிடை நூலைச் சிறாரை மனப்பாடம் செய்யவைக்க மறுத்ததால் அவருக்கு ஆசிரியப் பணி கிடைக்கவில்லை. 1842இல் மிஷனெரி லுட்விக் ஹாஸுடன், அவர் வீட்டு உதவியாளராக, இன்று துருக்கியின் இஸ்மிர் எனப்படும் சிமிர்னாவுக்குச் சென்றார். அயல்நாட்டுப் பணி அவர் எண்ணியவாறு அமையவில்லை. புத்தகம் கட்டும் தொழில் செய்து சில ஆண்டுகள் அங்கே பிழைத்தார். 1847இல் திரும்பும்போது திரியெஸ்த் துறைமுகத்தில் இறங்கி, கைவண்டி ஒன்றில் தம் உடைமைகளை ஏற்றி இழுத்துக்கொண்டு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை நடந்தே கடந்து டென்மார்க் சேர்ந்தார்.

ஊழியத்துக்காகக் கடல் கடந்து, அங்கே வழி அடைபட்டுத் திரும்பிய அந்த மனிதர், 1851இல் ஃபியூனின் ரூஸ்லிங்கே கிராமத்தில் இளம் விவசாயிகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். அதற்கான பணத்தைத் திரட்டத் துணைநின்றவர் கவிஞரும் இறையியலாளருமான கிருண்ட்விக். தேர்வும் சான்றிதழும் இல்லாமல், பேச்சாலும் கதையாலும் பாட்டாலும் உயிர்ப்புள்ள கல்வி தரவேண்டும் என்ற கிருண்ட்விக்கின் கருத்துக்கு நடைமுறை வடிவம் தந்தவர் கோல்ட். மாணவர்களோடே ஒரே மேசையில் உண்டு, அதே பரண் அறையில் உறங்கினார். கேட்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது, ஆனால் எல்லாம் மறந்துபோகிறது என்று ஒரு மாணவர் வருந்தியபோது, வயலுக்கடியில் புதைக்கும் வடிகால் குழாய்களைத் திரும்பக் கண்டுபிடிக்கத்தான் அடையாளக் குச்சி நடவேண்டும், விதைத்த தானியம் தானே முளைத்துத் தன்னைக் காட்டிக்கொள்ளும் என்று அவர் விடை சொன்னதாக டேனியக் கல்வி வரலாறு நினைவுகூர்கிறது. 1862இல் பள்ளி ஒடென்சேயின் தென்புறமுள்ள டாலுமுக்கு மாறியது. 1870இல் இறக்கும் வரை அவர் அங்கேயே பணியாற்றினார். அக்காலத்தில் புதுமையாகக் கருதப்பட்ட பெண்களுக்கான கோடைகால வகுப்புகளையும் அவர் நடத்தினார். மிஷனெரியாக அவர் தோற்றார் என்று எழுதுவோர் உண்டு. ஒடென்சே வட்டாரம் அவரால் பெற்றதைக் கணக்கிட்டால் அந்தத் தீர்ப்பு நிற்காது.

கிருண்ட்விக்–கோல்ட் மரபில் வளர்ந்த கல்விக் கருத்து ஐம்பதாண்டுகளுக்குப் பின் தமிழ்க் கரையில் பரங்கிப்பேட்டையை அடைந்தது. டேனிய மிஷன் சங்கத்தின் சார்பில் 1909இல் இந்தியா வந்த ஆன் மேரி பீட்டர்சன், அரசு மானியம் பெற்று ஆங்கில முறையில் நடக்கும் மிஷன் பள்ளிகள் தமிழ்ப் பெண்களைத் தம் மண்ணிலிருந்து அந்நியப்படுத்துகின்றன என்று கருதினார். அவரும் இளையவரான எஸ்தர் ஃபேரிங்கும் 1917இல் அகமதாபாத்தில் காந்தியைச் சந்தித்தனர். காந்தியோடு இருவருக்கும் ஏற்பட்ட நட்பைச் சங்கமும் விரும்பவில்லை, ஆங்கிலேய அரசும் விரும்பவில்லை. இருவரும் சங்கத்திலிருந்து விலகினர். 1921இல் பரங்கிப்பேட்டையில் சேவா மந்திர் என்ற தேசியப் பெண்கள் பள்ளிக்குக் காந்தியே அடிக்கல் நாட்டினார். எஸ்தர், கேரளத்தவரான மேனனை மணந்தார். எஸ்தருக்குக் காந்தி எழுதிய கடிதங்கள் 1956இல் நூலாக வந்தன. சங்கத்தின் பணம் இல்லாமல் அப்பள்ளியை நிலைநிறுத்தியதில், டென்மார்க்கில் இருந்த தனிப்பட்ட நண்பர்களின் காணிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு. அமைப்பு கைவிட்டபோது வீடுகள் தாங்கின.

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மானியப் படைகள் டென்மார்க்கை ஆக்கிரமித்தன. இந்தியாவில் இருந்த டேனிய மிஷனெரிகளுக்குத் தாய்நாட்டோடு இருந்த பணத் தொடர்பும் கடிதத் தொடர்பும் அறுந்தன. விடுப்பில் வந்திருந்தோர் ஐந்தாண்டுகள் திரும்ப இயலாமல் நின்றனர். இவ்வாறு துண்டிக்கப்பட்ட பணிகளை அனாதை மிஷன்கள் என்று அழைத்து, பிற நாட்டுத் திருச்சபைகள் நிதி திரட்டி உதவின. தென்னார்க்காட்டில் தமிழ்ப் போதகர்களும் ஆசிரியர்களும் உபதேசியார்களும் முன்னைவிடக் கூடுதல் பொறுப்பேற்றனர். 1808க்கும் 1940க்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. இரண்டாம் முறை கடல் அடைபட்டபோது, டென்மார்க்கின் ஊர்களில் ஜெபக் குழுக்களும் தையல் வட்டங்களும் கலையாமல் இருந்தன. களத்திலோ தன் காலில் நிற்கத் தொடங்கிய தமிழ்ச் சபை இருந்தது. 1945இல் வழி திறந்ததும் தொடர்பு மீண்டும் ஓடத் தொடங்கியதற்கு இவ்விரண்டுமே காரணம்.

1980களின் நடுப்பகுதியிலிருந்து கதையின் திசை மாறியது. இலங்கைப் போரிலிருந்து தப்பிய தமிழர்கள் அகதிகளாக டென்மார்க் வந்தனர். பெரும்பாலோர் யூட்லாந்தின் சிறுநகரங்களில் குடியமர்த்தப்பட்டனர், ஒடென்சேயும் பல குடும்பங்களுக்கு ஊராயிற்று. தமிழரிடம் செல்லக் கடல் கடக்கவேண்டிய தேவை இல்லாமல், அதே தெருவில், அதே பள்ளியில், அதே தொழிற்சாலையில் தமிழர் இருந்தனர். தாய்நாட்டு ஊழியம் என்பதற்கு இதைவிட நேரடியான வாய்ப்பு டேனியத் திருச்சபைக்கு முன்னெப்போதும் அமைந்ததில்லை. இதில் மதமாற்றத்தைப் பற்றிய பேச்சைவிட, மொழிபெயர்த்து உதவுவது, படிவம் நிரப்பிக் கொடுப்பது, பனிக்கு உடை தேடித் தருவது போன்ற பணிகளே எடையுள்ளவை. வந்தவர்களில் பலர் சைவர்கள் என்பதையும், பிராண்டெயில் அபிராமி அம்மனுக்கும் ஹெர்னிங்கில் விநாயகருக்கும் கோயில்கள் எழுந்ததையும் மறந்து இவ்வரலாற்றை எழுத முடியாது.

அந்த ஆண்டுகளில்தான் டென்மார்க் அரசு தமிழ்த் தம்பதியரின் பயணத்தைத் தானே நிறுத்தியது. அகதியாக ஏற்கப்பட்டவரின் மனைவி, பிள்ளைகள் வந்து சேர்வதற்குச் சட்டம் தந்த உரிமையை நிறைவேற்றாமல், 1987இல் நீதியமைச்சர் எரிக் நின்ஹான்சன் இலங்கைத் தமிழரின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்களைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கிடப்பில் போடச் செய்தார். கணவர் டென்மார்க்கிலும், மனைவியும் பிள்ளைகளும் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் இடையே போர் மூண்ட வடக்கிலுமாகக் குடும்பங்கள் பிரிந்து காத்திருந்தன. டேனிய அரசியலில் ‘தமிழர் வழக்கு’ என்றே பெயர்பெற்ற இவ்விவகாரத்தை விசாரித்த நீதிபதி ஹோர்ன்ஸ்லெட்டின் அறிக்கை 1993 ஜனவரியில் வெளிவந்ததும், பத்தாண்டுக்கும் மேலாகப் பிரதமராக இருந்த போல் ஸ்லூட்டர் பதவி விலகினார். அமைச்சர்களை விசாரிப்பதற்கென்றே உள்ள உயர் தனிநீதிமன்றம் 1995இல் நின்ஹான்சனைக் குற்றவாளியெனக் கண்டு நான்கு மாதச் சிறைத்தண்டனையை நிறுத்திவைத்துத் தீர்ப்பளித்தது. மரியா டொரத்தேயாவின் காத்திருப்பைத் திருப்பணி வரலாற்றில் சேர்க்கவேண்டும் என்ற வாதம் நியாயமானால், யாழ்ப்பாணத்தில் டேனிய நுழைவனுமதிக்காகக் காத்திருந்த பெண்களின் ஆண்டுகளும் டென்மார்க்–தமிழர் உறவின் அதே வரலாற்றுக்குள், அதன் துணைக்குறிப்பாக அன்றி முழு அதிகாரமாக, இடம்பெற வேண்டும். அந்தக் குடும்பங்களில் நேரில் நினைவு கூறக்கூடியவர்கள் இன்றும் டென்மார்க்கில் வாழ்கின்றனர்.